புளி போட்டுத் தேய்த்த தகடுகள்

என் அருமை மச்சான் றமீஸ்,

அல்லாஹ் உன் கபுறுக் குழியை வெளிச்சமாக்கி வைக்கட்டும். இந்தக் கரையில் எல்லாருக்கும் எல்லாரும் மச்சான்தான். நீ என் தங்கச்சியின் மாப்பிள்ளை. ஒரே ஆய்வுகூடத்தில் என்னோடு கிழவனானவன். அதனால் இந்தச் செய்தியை உனக்குத்தான் முதலில் சொல்லவேண்டும்.

நம்முடைய தகடுகள் போய்விட்டன.

வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க, துத்தநாகமும் அலுமினியமும் கொஞ்சம் மகனீசியமும் கலந்த பூச்சு ஒன்றைத் தேடினோம். தலைமயிரைவிட மெல்லிய படலம். எந்த அளவில் கலந்தால் உரியாமல் நிற்கும் என்று கணினியில் அணுக்களை அடுக்கிக் கணக்குப் பார்த்தவன் நான். வெற்றிடக் கலத்துக்குள் உருக்குத் தகட்டில் அதைப் படியவைத்தவன் நீ. வந்த விடையை நான் நம்பவில்லை. திரும்பத் திரும்பக் கணக்கைச் செய்துகொண்டிருந்தேன். நீ சிரித்தாய்.

"உன்ட கண்ணிலயும் படலம், கணக்கிலயும் படலம். விடு மச்சான், இனிக் கடல்தான் மார்க் போடணும்."

உன் வீட்டின் கடற்பக்க மதிலில் கம்பி கட்டித் தகடுகளைத் தொங்கவிட்டாய். வருடக்கணக்கில் உப்புக் காற்றில் கிடந்தன. "இந்த மாரி முடியட்டும், கழட்டிப் பார்ப்பம்" என்றாய். மாரி முடிந்தது. நீதான் இல்லை.

நீ மவுத்தான நாற்பதாம் நாள், உனக்காக ஓதிச் சோறு கொடுக்கும் கத்தத்துக்கு வீடு கழுவினார்கள். நான் போனபோது உன் அக்கா, நம் ராத்தா, தகடுகளை முற்றத்து வெயிலில் காயவைத்திருந்தா.

"தம்பி, வெள்ளை வெள்ளையாப் பூத்து ஒரே ஊத்தையாக் கிடந்திச்சி. கத்தத்துக்கு வாற சனம் என்ன நினைக்கும்? புளி போட்டுத் தேச்சன். இப்ப பாருங்க, முகம் பார்க்கலாம்!"

அந்த வெள்ளைப் பூப்பைத்தானே நாம் அளக்க இருந்தோம்? புளி அதோடு படலத்தையும் தின்றுவிட்டிருந்தது. வெறும் உருக்கு பளபளத்தது.

"ஓம் ராத்தா, நல்லா வந்திருக்கு" என்றேன். தம்பியைப் பறிகொடுத்த கையல்லவா அது?

உன்னை இழந்து, வெளியே வராமல் இத்தா இருக்கும் என் தங்கச்சி அறைக்குள்ளிருந்தே அண்ணன் என்னைக் கேட்டாள். "காக்கா, அது அவர்ட தகடல்லோ? வெள்ளிக்கிழமையில தொழுதுட்டு வந்து அதத்தானே பார்ப்பார். இனி என்னத்தப் பார்க்கிற?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குள்ளே ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. இனி என் கணக்குப் பிழையென்று எவராலும் காட்டமுடியாது. வீடு திரும்பும்வரை அந்த நிம்மதி எனக்கே அருவருப்பாக இருந்தது. சரியென்றும் காட்டமுடியாதே. நான் நம்பாத கணக்கை நீ நம்பினாய். அதை இப்படியே விட்டுவிடவா?

உன் வெற்றிடக் கலம் ஆய்வுகூட மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது. நேற்று அங்கு போய், அதை நானே இயக்க அனுமதி கேட்டேன். வரச் சொன்னார்கள். அதன் வால்வு எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூட எனக்குத் தெரியாது மச்சான். நீ இருக்கும்வரை தெரியவேண்டிய தேவையே வரவில்லை.

இந்தக் கையாலேயே படியவைப்பேன். உரிந்தால் மறுபடியும் செய்வேன். உன் மதிலிலேயே தொங்கவிடுவேன், ராத்தாவிடம் முதலில் சொல்லிவிட்டு. கடல் மார்க் போடும்போது நான் இருப்பேனோ தெரியாது. தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன், அவள் கழற்றிப் பார்ப்பாள். பிழையென்றால் பிழையென்றே எல்லாருக்கும் சொல்லட்டும்.

துஆவுடன்,
இன்னும் கணக்கைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் உன் மச்சான்