நிழலை விற்றதாகச் சொன்னாயே

என் அன்புள்ள அக்கா,

பேசாமல் இருந்தது போதும். உன் மாணவர்கள் நினைவு மலர் போடுகிறார்களாம். வெயில் தோலின் நோய் எதிர்ப்பை என்ன செய்கிறது, அதில் புற்றுநோய் எப்படி வருகிறது என்று ஆயுள் முழுக்க ஆராய்ந்தவளின் தம்பி நான் எழுத வேண்டுமாம். நானும் எம்.எஸ்சி. முடித்தவன் என்று அவர்களுக்குத் தெரியாது. நீ சொல்லியிருக்க மாட்டாய்.

அப்பாவுக்குப் பிறகு தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. நீ ஆய்வகத்துக்குப் போனாய். நான் சேரம்பாடியில் தேயிலையோடு நின்றேன்.

இலை விலை விழுந்ததும் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றேன். இங்கே எல்லோரும் செய்ததுதான். லீவுக்கு வந்த நீ மொட்டைச் சரிவைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய்.

"தம்பி, நிழல வித்துப்போட்டயா?"

எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. சாப்பிடும்போது வகுப்பு வேறு. "தோலுக்குள்ள காவக்காரங்க இருக்கறாங்க தம்பி. கெட்டுப்போன செல்ல அவங்கதான் தீர்த்துக்கட்டோணும். வெயில் அவங்களைத் தூங்க வெச்சுப்போடும். மலைமேல இன்னும் மோசம்."

"எங்க பேக்டரி வாட்ச்மேனுக்கு வெயிலே வேண்டாம், தானாத் தூங்குவான்" என்றேன். என் மனைவி சிரித்தாள். நீ சிரிக்கவில்லை.

"சில தோல் நோய்க்கு வெயிலைத்தானே மருந்தாக் குடுக்கறீங்க?" என்றும் மடக்கினேன்.

"அளந்து குடுப்போம்."

வெயில் மருந்தா, நஞ்சா? அன்றும் குழப்பம், இன்றும் குழப்பம். இந்தக் குளிரில் வெயில் எட்டிப்பார்த்தால் முதுகைக் காட்டாதவர் யார்? அதன்பின் நான் உன்னோடு பேசவில்லை. நிழலிலேயே இருந்த நீ மாரடைப்பில் போனாய். வெயிலில் நின்றவன் இருக்கிறேன். இதில் என்ன நியாயம்?

ஒரு செய்தி, அக்கா. என் காது மடலில் ஒரு புண். போன மழையில் அட்டை கடித்ததாக நினைத்தேன். அட்டைக்கடி ஆற நாளாகும். அதற்காக இங்கே யாரும் டாக்டரிடம் போவதில்லை. நேற்று என் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஏனுங்க, அடுத்த மழையே வரப்போகுது. அட்டைக்கடி இன்னுமா ஆறாது? உங்கக்கா வந்தப்பவே அந்த எடம் சொரசொரன்னுதான் இருந்துச்சு. சாப்பிடறப்ப அதையேதானுங்க பார்த்துட்டு இருந்தாங்க."

அப்படியானால் நீ மரத்துக்காகக் கேட்டாயா, எனக்காகக் கேட்டாயா? எனக்காக என்றால் நேராகச் சொல்வதற்கென்ன? ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதினாய். எதிரே உட்கார்ந்தவனுக்கு ஏன் காவல்காரர் கதை? வாட்ச்மேன் என்று நான் கிண்டல் செய்ததும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாயா? யாரிடம் போய்க் கேட்பேன்?

திங்கட்கிழமை ஊட்டிக்குப் போகிறேன். துளி சதை வெட்டிச் சோதனைக்கு அனுப்புவார்களாம். என்ன வந்தாலும் இந்த மழைக்குச் சரிவில் மறுபடி ஓக் கன்று வைக்கிறேன். இது சத்தியம். கோபம் தீர்ந்துவிட்டதென்று நினைக்காதே.

மலருக்கு இந்தக் கடிதத்தையே தபாலில் போடப்போகிறேன், என் பெயர் எழுதாமல். மலர்க்காரர்கள் திட்டட்டும். நீ ஒருநாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

உன்
தம்பி