நான்கு பேர்தான்

அன்புச் சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நன்றாக இருப்பாய் என்ற நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காதுதான் இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. அவள் வைக்கிற சத்தத்தில் தன் வீட்டு ரேடியோவுக்கு வேலையே இல்லை என்கிறார் மாடி வீட்டுக்காரர். குளியலறையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தாயிற்று.

உன்னிடமிருந்து கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைந்தாலே அம்மா கதவைத் திறந்து நின்றுகொள்கிறாள். பாவம், அவர் இப்போதெல்லாம் எங்கள் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார்.

இனி எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். உன் கைக்கு வரும் முன் இதை யாராவது பிரித்துப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டும். அவர்களுக்கும் தெரிய வேண்டியதுதான்.

ஊன்றுகோலோடு ஊருக்குத் திரும்பிய ஒரு சிப்பாயிடம் நீ கொடுத்து அனுப்பிய இரண்டு பக்கக் கடிதம் நினைவிருக்கும். நீ செவிலியராக இருக்கும் போர்முனைக் கூடார மருத்துவமனையில் ஜெனரேட்டர் நின்றுபோய், குளிர்ப்பெட்டியில் இருந்த ரத்தம் முழுவதும் கெட்டுப்போன நாளைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு வேண்டிய உதிரிபாகம் கேட்டு டாக்டர் ஆறு தடவை மேலிடத்துக்கு எழுதியும் பதில் இல்லை என்று எழுதியிருந்தாய். அன்று வந்த காயம்பட்டவர்களில் நான்கு பேர், ரத்தம் இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள், உன் கண் எதிரே போய்விட்டார்கள் என்றும், அதில் ஒருவன் கடைசிவரை தன் காலைப் பிடித்துவிடச் சொன்னான், இல்லாத காலை நான் எப்படிப் பிடிப்பேன் அக்கா என்றும் எழுதியிருந்தாய். அம்மாவுக்கு நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். அந்தக் கால் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன்.

என் வேலையைப் பற்றி உனக்குத் தெரியும். சபையின் நடுவில், சபாநாயகருக்குக் கீழே போட்ட மேசையில் உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுக்க வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம். அடுத்தவர் வந்து தோளைத் தொட்டதும் எழுந்து போய், எடுத்ததைத் தட்டச்சு செய்ய வேண்டும். அக்காவுக்குக் காதுக்கும் கைக்கும் நடுவில் மூளையே கிடையாது என்று நீ கேலி செய்வாய். பத்தொன்பது வருஷம் அப்படித்தான் இருந்தேன். அதுதான் நல்ல சபை நிருபருக்கு லட்சணம் என்று பெருமைகூட இருந்தது.

உன் கடிதம் வந்த மறுவாரம், பாதுகாப்பு மந்திரி ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். களத்தில் இருக்கும் எந்த மருத்துவமனையிலிருந்தும் எந்தக் குறையும் தெரிவிக்கப்படவில்லை என்றார். அந்தப் பத்து நிமிடம் என் முறை. ஆறு தடவை, ஆறு தடவை என்று மண்டைக்குள் கேட்டுக்கொண்டிருக்க, கை மட்டும் 'எந்தக் குறையும் தெரிவிக்கப்படவில்லை' என்று எழுதியது.

மறுநாள் உன் கடிதத்தின் ஒரு பக்கத்தை என் கையெழுத்தில் நகல் எடுத்தேன். உன் பெயரை எடுத்துவிட்டேன். எதிர்க்கட்சி வரிசையில் ஒரு பெண் உறுப்பினர் இருக்கிறார். முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்பதால் எல்லோரும் டீச்சரம்மா என்போம். அவரிடம் கொடுத்தேன். இதைச் சபையில படிச்சிடாதீங்க, கேள்வியா மட்டும் கேளுங்க என்று கெஞ்சினேன். என் தலை போனாலும் வெளியே வராதும்மா என்றார்.

உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

பாதுகாப்புத் துறை மீதான விவாதம் நடந்த அன்று சபையில் பாதி நாற்காலி காலி. ஒருவர் மானம் என்றார். ஒருவர் கடைசிச் சொட்டு ரத்தம் உள்ளவரை என்றார். பின் வரிசையில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அன்று காலை மட்டும் ரத்தம் என்ற சொல்லை நான் பதினேழு தடவை எழுதினேன். கெட்டுப்போன ரத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

மதியத்துக்குச் சற்று முன் என் இரண்டாவது முறை வந்தது. டீச்சரம்மா பேசிக்கொண்டிருந்தார். முதலில் கேள்வியாகத்தான் கேட்டார். ஆளுங்கட்சிப் பக்கம் யாரோ, டீச்சர், மணி அடிச்சாச்சு, பிள்ளைங்களை வீட்டுக்கு விடுங்க என்றார்கள். சிரிப்பு. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கைப்பையைத் திறந்தார். வெளியே வந்தது என் கையெழுத்து.

உன் வாக்கியங்களை இன்னொருத்தி குரலில் கேட்டேன், சின்னவளே. தேதியோடும் இடத்தோடும் படித்தார். ஜெனரேட்டரைப் படித்தார். ஆறு தடவையைப் படித்தார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கை நின்றிருந்தால் இன்று என்மேல் எனக்கே கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். நிற்கவில்லை. பிறகு அவர், அன்று ஒரே நாளில் இறந்தவர்கள் பதினான்கு பேர் என்று படித்தார்.

நான் நான்கு என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். எழுத்தில் எழுதியிருந்தேன், எண்ணில்கூட இல்லை.

பதினான்கு என்றதும் தூங்கியவர் விழித்துக்கொண்டார். மந்திரி எழுந்தார். அதிகாரிகள் பக்கமிருந்து ஒரு கோப்பு கைமாறி அவரிடம் வந்தது. பொறுமையாகப் புரட்டினார். "அந்த மருத்துவமனையில் அன்று இறந்தவர்கள் நான்கு பேர்தான். பதினான்கு என்பது பொய். ஒன்று பொய் என்றால் அந்தக் கடிதம் முழுவதுமே பொய்" என்றார். மேசைகளைத் தட்டினார்கள். அவ்வளவு தட்டினார்கள் என்றால், அடுத்த இரண்டு வாக்கியம் எனக்குக் காதில் விழவே இல்லை.

சுருக்கெழுத்தில் 'தான்' என்பது ஒரு சின்னக் கொக்கி. கண் சிமிட்டும் நேரத்தில் போட்டுவிடலாம். போட்டேன்.

சபாநாயகர் கடிதம் சம்பந்தமான எல்லாவற்றையும் அவைக்குறிப்பிலிருந்து நீக்க உத்தரவிட்டார். எங்கள் தலைமை நிருபர் (நாங்கள் வைத்த பெயர் கடிகாரம்) என் மேசைக்கு வந்து, நான் தட்டச்சு செய்த தாளில் எங்கிருந்து எதுவரை என்று பென்சிலால் காட்டினார். நான்தான் கோடு போட்டு அடித்தேன். டீச்சரம்மா சொன்ன பதினான்கும் போனது. மந்திரி அதற்குச் சொன்ன பதிலாயிற்றே, அந்த நான்கும் சேர்ந்து போனது. இப்போது அவைக்குறிப்பின்படி அன்று அங்கே யாருமே சாகவில்லை. என்னம்மா, காலையில சாப்பிட்டியா என்று கேட்டார் கடிகாரம். சாப்பிட்டேன் சார் என்றேன்.

மாலையில் நடைபாதையில் டீச்சரம்மாவை நிறுத்திக் கேட்டேன். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கோபத்துல வாயில வந்துடுச்சும்மா என்றார். பிறகு சட்டென்று குரலை மாற்றிக்கொண்டு, "நாலுன்னா யாரும்மா நிமிர்ந்து பார்ப்பாங்க? நீயே சொல்லு" என்றார். தூங்கியவர் விழித்ததை நானும்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். ரேடியோவில் சபை நடவடிக்கையை அவள் கேட்பது எதற்கென்று உனக்குத் தெரியும். உள்ளே எங்கேயோ பெரியவள் இருக்கிறாள் என்ற நிம்மதிக்கு. அன்றைக்கு உன் கடிதத்தையே கேட்டுவிட்டாள். யார் கொடுத்தார்கள் என்று கேட்பாள் என்று பயந்துகொண்டே போனேன். அவள் கேட்டது வேறு. "நீ எனக்கு நாலுன்னுதானே படிச்ச? மீதிப் பத்துப் பேரை ஏன்டி எங்கிட்ட மறைச்ச?"

நாலுதான்மா, நாலுதான், அந்தம்மா கூட்டிச் சொல்லிட்டாங்க என்றேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். மந்திரியின் கொக்கி என் வாயிலும் வந்துவிட்டது. அம்மா இன்றுவரை நம்பவில்லை. ஒருநாள் பத்து என்கிறாள், ஒருநாள் அதில் நம் சின்னவளும் உண்டா, உண்மையைச் சொல் என்கிறாள்.

ஒன்பதாம் நாள் பத்திரிகையில் வந்தது: கடிதம் எழுதியதாகச் சந்தேகப்பட்டு அந்த மருத்துவமனையின் கம்பவுண்டர் காவலில் வைக்கப்பட்டிருக்கிறார் என்று. ஒவ்வொரு கடிதத்திலும் நீ அண்ணன், அண்ணன் என்று எழுதுவாயே, கூடாரம் ஒழுகினால் தன் போர்வையை நோயாளிக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தே விடியவைப்பவர், அவர்தான் என்று தெரிந்துவிட்டது. உன்னையும் எனக்குத் தெரியும். அவரை உள்ளே வைத்துவிட்டு நீ வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டாய். நானே முந்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

சபைச் செயலாளர் அறைக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். இது என் தங்கை வீட்டுக்கு எழுதிய சொந்தக் கடிதம், நகல் எடுத்துக் கொடுத்தது நான், அவளுக்கு இது தெரியாது, கம்பவுண்டருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நான்கைந்து வரி. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இதை என்கிட்ட கொண்டு வராம வழியிலேயே கிழிச்சுப் போட்டிருக்கலாமேம்மா என்றார். பிறகு, தங்கச்சி பேரு இதுல வந்துடுச்சே, யோசிச்சியா என்று கேட்டார். யோசித்தேன். உன் பெயரைச் சொல்லாமல் அந்த மனிதரை எப்படி வெளியே கொண்டுவருவது என்று எனக்கு வழி தெரியவில்லை. உன்னைக் காப்பாற்றப் போனேனா, காட்டிக் கொடுக்கப் போனேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

என்னை அன்றே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மேசையைக் காலி செய்யும்போது அந்தச் சுருக்கெழுத்து நோட்டு கையில் கிடைத்தது. கூட்டத்தொடர் முடிந்ததும் அழித்துவிடுவார்கள். அந்தப் பக்கத்தில் மட்டும்தான் நான்கு பேரும் இன்னும் இருக்கிறார்கள். பைக்குள் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. போடவில்லை. கடிகாரத்திடம் எண்ணிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பத்தொன்பது வருஷப் பழக்கம், வேறென்ன சொல்ல. வாசல் வரைக்கும் அவர் கூடவே வந்தார்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் அதே நேரத்துக்கு, அதே மாதிரி சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, பொது நூலகத்தில் வந்து உட்காருகிறேன். இந்தக் கடிதமும் அங்கிருந்துதான். எதிரே ஒரு பெரியவர் பத்திரிகையின் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டிலும் என் மாதிரி ஏதாவது கதை இருக்கலாம். சபையில் வேறு யாரோ என் இடத்தில் எழுதிக்கொண்டிருக்க, ரேடியோ பக்கத்தில் அம்மா நான் உள்ளே இருப்பதாக நினைத்து நிம்மதியாக இருப்பாள்.

போன வாரம் பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. கம்பவுண்டரை விட்டுவிட்டார்களாம். ஒரு செவிலியரை விசாரிக்கிறார்களாம். அதற்குமேல் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு வரியைத்தான் தினமும் வந்து எடுத்துப் படிக்கிறேன், புதிதாக ஏதாவது முளைத்திருக்குமோ என்று. டீச்சரம்மா ஆள் அனுப்பிச் சொன்னார், உங்கள் கூடாரத்துக்குப் புது ஜெனரேட்டர் போய்விட்டதாம், சத்தமில்லாமல் அனுப்பிவிட்டார்களாம். அவர் சொல்லும் கணக்கை இனி நான் எப்படி நம்புவது? வந்திருந்தால் நல்லது. வந்திருந்தாலும் அதை வைத்து என்னை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

இதைப் பிரித்துப் படிக்கும் அதிகாரிக்கு ஒரு வார்த்தை. ஐயா, அவள் தன் அக்காவுக்கு எழுதினாள். அழுவதற்கு வேறு ஆள் இல்லாமல் எழுதினாள். அதைத் தெருவுக்குக் கொண்டுபோனது நான். உங்களுக்கும் கூடப்பிறந்தவர்கள் இருந்தால், இந்தத் தாளை மட்டும் அவள் கையில் சேர்த்துவிடுங்கள்.

சின்னவளே, விசாரணையில் என்ன கேட்டாலும் என்னை நினைத்து ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொல்லாதே. எல்லாப் பழியையும் என் தலையில் போடு, உண்மையும் அதுதான். நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காலில் ஈரம் தங்க விடாதே. அம்மாவுக்கு எழுதும்போது ஒன்றும் நடக்காத மாதிரி எழுது. எனக்கு அப்படி எழுத வேண்டாம். கோபத்தில் என்னென்ன வருகிறதோ அத்தனையும் எழுது. அக்கா என்று கூப்பிடப் பிடிக்கவில்லை என்றால் கூப்பிடாமலே எழுது. என்னைத் திட்டியாவது, உன் கையால் ஒரு வரி அனுப்பு.

நீ நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று எந்நேரமும் நினைத்திருக்கும்,

உன் அக்கா