சங்கத்தின் ஏழாம் விதி

ஆம்ஸ்டர்டாம்
9 மே 1942

அன்புள்ள கெர்பென்,

உன் தங்கை திரீன் உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்து சேர்ந்தாள். நன்றி. இந்தக் கடிதத்தையும் அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போடும்படியான விஷயம் இல்லை.

போன வாரத்திலிருந்து என் கோட்டில் யூதர்களுக்கான மஞ்சள் நட்சத்திரம். அதை வாங்க என் ரேஷன் துணிக் கூப்பனையே வெட்டிக் கொடுக்க வேண்டும், அப்படி ஒரு நியாயம். உங்கள் கடவுளும் வேண்டாம், எந்தக் கடவுளும் வேண்டாம் என்று இருபத்திரண்டு வயதில் யூதத் தொழுகைக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவன் நான். அப்பா சாகும்வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முப்பது வருஷம் தத்துவம் சொல்லிக்கொடுத்தேன். ஜெர்மன்காரன் வந்தான், வேலை போயிற்று, என் புத்தகங்களைக் கடைகளிலிருந்து அள்ளிக்கொண்டு போனான். நான் என்ன நினைக்கிறேன் என்று ஒரு பயல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். என் தாத்தா யார் என்று மட்டும் கேட்கிறான்.

மாடியில் இருக்கும் தையல்காரர் சாலிக்கு ஒரே சிரிப்பு. "என்ன புரொஃபசர், நாப்பது வருஷம் சுத்திட்டு கடைசியில எங்ககிட்டயே வந்து சேந்துட்டீங்களா?"

ஒரு வழி இருக்கிறது. என் நிஜ அப்பா ஒரு கிறிஸ்தவர் என்று நம்பகமான கிறிஸ்தவக் குடும்பத்து ஆள் ஒருவர் ஹேக் நகரத்து ஜெர்மன் அலுவலகத்தில் சாட்சி சொன்னால், என்னைப் பாதி யூதன் என்று எழுதிவிடுவார்கள். பிறகு தொடமாட்டார்கள். நான் பிறந்த சமயத்தில் உன் அம்மா எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருந்தாள். சாகும்போது அவள் உன்னிடம் இதைச் சொன்னதாகச் சொல். பச்சைப் பொய்தான், என் அம்மாவின் பெயரையும் கெடுக்கிறேன். அவள் இருந்திருந்தால், "உசுரு பொழைக்கணும்னா என்னை என்ன வேணா சொல்லிக்கடா" என்றிருப்பாள்.

எனக்கு இருக்கும் சாட்சி நீ ஒருவன்தான்.

உன்
ஹார்டொக்

லேவார்டன்
2 ஜூன் 1942

அன்பு ஹார்டொக்,

இங்கே எல்லோரும் சுகம். கடிதத்தை மூன்று நாள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரீன் சாப்பாட்டு நேரத்தில் என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

என்னால் முடியாது.

நம் சுயசிந்தனையாளர் சங்கம் எதற்காகப் போராடியது? கோர்ட்டில் கடவுள்மேல் ஆணையிடாமல், சொல்வது உண்மை என்று வெறும் வாயால் சொன்னால் போதும் என்பதற்காக. நம் சொல்லுக்குப் பின்னால் வேறு யாரும் நிற்க வேண்டாம் என்று மேடைக்கு மேடை பேசியவன் நீ. ஏழாம் விதியை எழுதியவனும் நீ. இரண்டு விரலைத் தூக்கிக் கடவுள்மேல் சத்தியம் செய்பவன் உறுப்பினன் அல்ல. செருப்பு தைக்கும் ஷூர்ட் ஏதோ ஓர் ஆட்டு வழக்கில் பழக்க தோஷத்தில் விரலைத் தூக்கிவிட்டான். அவன் மனைவி உன் வாசலில் வந்து அழுதாள். தலைவர் நீ அன்றைக்கே அவனை நீக்கினாய். செயலாளன் நான் அதைப் பதிவேட்டில் எழுதினேன். சங்கத்தைத் தடை செய்தார்கள், விதிகளை யாரும் தடை செய்யவில்லை.

ஒருவன் தாத்தா யார் என்ற கேள்விக்கு நாம் பதில் சொன்னாலே, அது கேட்கத் தகுந்த கேள்வி என்று ஆகிவிடுமே. பயத்தில் சொல்லவில்லை, கொள்கைக்காகச் சொல்கிறேன். கோபப்படாதே. பாலாடைக்கட்டி ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

என்றும் உன்
கெர்பென்

ஆம்ஸ்டர்டாம்
10 ஜூலை 1942

கெர்பென்,

பாலாடைக்கட்டியைச் சாலியிடம் கொடுத்துவிட்டேன்.

என் வாதத்தையே கயிறாகத் திரித்து என் கழுத்தில் போடுகிறாய். நான் உண்மை பேசச் சொன்னது மனிதர்களிடம். வாசலில் கத்தியோடு நிற்கிற திருடனுக்கு நகை இருக்கும் பெட்டியைக் காட்டிக்கொடு என்று எந்த மேடையில் சொன்னேன்? முப்பது வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாயே, இதுதான் புரிந்ததா?

சாலியின் மகளுக்கு வேலை முகாமுக்கு வரச்சொல்லிக் காகிதம் வந்துவிட்டது. பதினேழு வயது. என்ன எடுத்துப் போக வேண்டும் என்று ஜெர்மன்காரன் அதிலேயே பட்டியல் போட்டிருக்கிறான். அந்தப் பெண் அதைப் பார்த்துப் பார்த்துச் சாமான்களை ஒழுங்காக அடுக்குகிறாள். இந்த நாட்டில் காகிதத்தில் அச்சடித்து நீட்டினால் போதும், எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வரிசையில் நிற்போம். நீயும் அதே வரிசையில்தான் நிற்கிறாய். உன் காகிதத்தில் கொள்கை என்று அச்சடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி எனக்கு எழுதாதே.

ஹா. ஸ்பையர்

லேவார்டன்
8 அக்டோபர் 1942

ஹார்டொக்,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

முந்தாநாள் ஹேக் நகரத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் ஜெர்மன்காரன்கூட இல்லை, நம் ஊர்ப் பேச்சுப் பேசுகிற சின்ன வயசுக்காரன். நீ சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் சொன்னேன், என் அம்மா சாகும்போது சொன்னாள் என்று. எழுதிக்கொண்டே கேட்டான்.

"ஒங்க மதம் என்ன?"

"எதுவும் இல்லீங்க."

"மதமே இல்லாதவர் வெறும் வாயால சொன்னா நான் எப்படிங்க நம்புறது? ரெண்டு விரலைத் தூக்கி ஆண்டவன் மேல சத்தியம் பண்ணுங்க."

தூக்கினேன், ஹார்டொக். எல்லாம் வல்ல இறைவன் எனக்குத் துணை நிற்கட்டும் என்று ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை.

அவன் முத்திரை குத்தினான். அப்புறம் உன் பெயர் இருக்கும் அட்டையைத் தேடி எடுத்தான். "ஸ்பையரா? இவரைச் சனிக்கிழமையே கூட்டிட்டுப் போயிட்டாங்களே. விண்ணப்பம் இங்க இருந்திருந்தா, முடிவு தெரியுற வரைக்கும் யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டான். கழுத்தைப் பிடித்திருப்பேன். ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்வி.

திரீன் நேற்று உன் தெருவுக்குப் போனாள். உன் வீட்டுக் கதவில் காகிதம் ஒட்டிப் பூட்டியிருக்கிறதாம். சாலியின் வீட்டிலும் யாரும் இல்லை. கூட்டிப் போனவர்கள் நம் போலீஸ்காரர்கள்தான் என்று எதிர் வீட்டுக்காரி சொன்னாளாம். படியில் இறங்கும்போது நீ அவர்களிடம் விடாமல் வாதாடிக்கொண்டே போனாயாம்.

ஜூனில் கொள்கை என்று எழுதினேன். அது பொய். எனக்குப் பயமாக இருந்தது. திருடனிடம் சொன்னது கணக்கில் வராது. என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே பெரிய பொய் அதுதான், அதை உன்னிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்தது உன் பழைய விலாசம் மட்டும்தான், அதற்கே தபாலில் போடுகிறேன், யார் பிரித்தாலும் பிரிக்கட்டும். ஏழாம் விதியை நான் மீறிவிட்டேன். நீக்கும் அதிகாரம் தலைவருக்கு மட்டும்தான். பதிவேட்டில் அந்தப் பக்கத்தை எழுதாமல் வைத்திருக்கிறேன்.

வந்து என்னை நீக்கு.

கெர்பென்