கடைசி இரண்டு கட்டங்கள்

மார்ச் 3, திங்கள்

இப்படித்தான் முடியும் என்று எனக்கு முன்பே தெரியும். யார் கேட்டார்கள்? இன்று காலை என் மனைவி பையைத் தூக்கிக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டும்.

நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக் கூடாது என்று எழுதி வைக்கிறேன். மருமகன் கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் கண்ணிவெடி விளையாட்டு இருக்கிறது. ஒரு கட்டத்தைத் திறந்தால் எண் வரும். சுற்றியிருக்கும் கட்டங்களில் எத்தனை வெடி என்று அது சொல்லும். வெடி மேலேயே அழுத்தினால் ஆட்டம் காலி. பெரிய ஆட்டத்தை இந்தத் தெருவில் ஒருத்தனும் முடித்ததில்லை. நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் என் மூளை தெரிந்திருந்தால் பட்டாளத்திலிருந்தே ஜீப் அனுப்பியிருப்பார்கள். சனிக்கிழமை இரண்டே கட்டம் பாக்கி. ஒன்றில் வெடி. எதில் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த நேரம் பார்த்து இவள் குறுக்கே கையை விட்டு மவுஸை அழுத்தினாள். டமால்!

நேற்று சம்பந்தி வீட்டு விருந்தில் சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "வெடிச்சதும் 'கலர் நல்லா இருக்கே'ன்னா" என்று கொஞ்சம் சேர்த்தேன். கதைக்கு உப்பு வேண்டாமா? அவள் மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்குப் போய் ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா?

மார்ச் 5, புதன்

நான் வேலை பார்க்கும் டயர் கடையில் எல்லோரும் என் பக்கம். முதலாளி மட்டும் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சமையல் எனக்குத் தூசு என்றேன். குக்கர் அடிப்பிடித்த விவரம் அவருக்கு எதற்கு?

மார்ச் 6, வியாழன்

போன் அடித்தேன். எடுக்கவில்லை. திமிர்.

மார்ச் 8, சனி

மச்சான் வந்தான். லிஃப்ட் மெக்கானிக். நாலு மாடி ஏறி இறங்கினால் பெரிய ஆள் என்று நினைப்பு. அக்காவின் தையல் மெஷினை எடுத்துப் போக வண்டியோடு வந்திருக்கிறான்! அப்படியென்றால் என்ன அர்த்தம்? அங்கேயே இருந்துவிடப் போகிறாளா?

தர முடியாது என்றேன். அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டான்.

"கடைசி ரெண்டு கட்டம்னா பெரும்பாலும் ரெண்டுல எதுன்னு எந்த நம்பரும் சொல்லாதுல்ல மாமா. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மூளை."

"சரி. அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறா. அன்னிக்கு நடந்ததை நடந்தபடி சம்பந்தி வீட்ல நீங்களே சொல்லணுமாம். சொன்னா வர்றாளாம்."

என் வீட்டில் உட்கார்ந்து என்னையே விசாரிக்கிறாயா, வெளியே போடா என்று கத்திவிட்டேன். படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தான். "மெஷினுக்கு நாளன்னிக்கு வர்றேன்" என்றான். மரியாதை தெரியாத பயல்.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து ஆடினேன். ஒன்றும் முடியவில்லை. இந்த மவுஸே கோளாறு. மருமகன் வேண்டுமென்றே ஓட்டை மவுஸைத் தலையில் கட்டியிருக்கிறான். எல்லோரும் சேர்ந்துகொண்டு என்னை — சே.

நான் ஏன் இறங்கிப் போக வேண்டும்? ஏன்?

மார்ச் 11, செவ்வாய்

நேற்று மச்சான் வண்டியைக் கொண்டுவருவதற்குள் சம்பந்திக்குப் போன் போட்டுவிட்டேன். என்னைப் போல அழகாக யாரும் சொல்லியிருக்க முடியாது. மனுஷன், "சரி, தங்கச்சிகிட்ட கேட்டதா சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் வந்துவிட்டாள். நேரே போய்க் கம்ப்யூட்டர் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். இன்னும் நான் அதை எடுக்கவில்லை. பயந்து அல்ல.

போனில் சொன்னதை இங்கேயும் எழுத வேண்டும். அவள் கை மவுஸ் பக்கமே வரவில்லை. பின்னால் நின்று, "ஏங்க, கொஞ்சம் பொறுங்களேன்" என்றாள், அவ்வளவுதான். எதில் வெடி என்று எனக்கும் தெரியாது. அழுத்தியது நான்.