கோவிலம்பாக்கம் வரைக்கும்

என் ஜன்னலோரத் தோழிக்கு,

இன்று காலை ஆபீஸ் வேன் முழுக்க மசால் வடை வாசனை. அஸ்தினாபுரம் டீக்கடையில் சூடாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பொட்டலத்து எண்ணெய் சுடிதாரில் இறங்கிவிட்டது. பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். ஆமாம், அபராத வடைதான். ரொம்ப நாள் கழித்து மறுபடி மாட்டிக்கொண்டேன்.

அந்த விதியை நீ போட்ட நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நீ தாம்பரத்திலேயே ஏறி ஜன்னலோரம் பிடித்திருப்பாய். அஸ்தினாபுரத்தில் நான் ஏறி, உன் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பேன். கிளையண்டோடு போனில் பேச வேண்டும் என்றாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். சிறுசேரி போய்ச் சேரும்வரை அதே பாட்டுதான். ஒருநாள், "என்னால முடியலடீ, வேலையே வேணாம், பேப்பர் போட்டுடறேன்" என்றேன்.

"தாராளமா போடு. ஆனா புலம்பறதெல்லாம் கோவிலம்பாக்கம் வரைக்கும்தான். ஸ்டீபன் சார் ஏறினதுக்கப்புறம் புலம்பினா, நாளைக்கு வேன்ல எல்லாருக்கும் மசால் வடை உன் செலவு" என்றாய்.

வழக்கம்போல் கோவிலம்பாக்கத்தில் கடைசி ஆளாக ஏறியிருந்த ஸ்டீபன் சார் பாவம், "அப்போ நான் எப்பம்மா புலம்பறது?" என்று கேட்டார்.

"சாயங்காலம் ரிட்டர்ன்ல சார். நீங்க இறங்கற வரைக்கும் உங்க டர்ன்."

பயப்படாதே என்று எனக்குச் சொல்லாதவர்களே கிடையாது. பயந்துகொள், ஆனால் இந்த ஸ்டாப்பில் இறக்கிவிடு என்று சொன்னவள் நீ ஒருத்திதான். முதல் வாரம் தினமும் வடை வாங்கினேன். டிரைவர் அண்ணாவுக்கு ஏக குஷி. "மேடம், நீங்க இப்டியே பயந்துகினு இருங்க, நமக்கு டிபன் செலவு மிச்சம்" என்றார். பிறகு மெல்லப் பழகியது. அவசர அவசரமாக எல்லாவற்றையும் கொட்டித் தீர்ப்பேன். வேன் நின்றதும் ஒரு பெருமூச்சு. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அதை வைத்துக்கொண்டே வேலை பார்க்க முடிந்தது. பேப்பர் போடவேயில்லை.

நீ புலம்பி நான் கேட்டது ஒரே ஒருநாள்தான். "ஸ்கேன் ரிப்போர்ட் வந்துடுச்சுடீ. நல்லா இல்ல. என் பாப்பாவ நெனச்சாதான் பயமா இருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். கோவிலம்பாக்கத்தில் வேன் நின்றது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சார், இன்னிக்கு என்ன லன்ச்?" என்றாய். அவர் புளிசாதம் என்றார். நான்தான் சிறுசேரி வரை அழுதுகொண்டே வந்தேன். இறங்கும்போது என் தோளில் தட்டி, "நாளைக்கு வடை உன்னோடது. சூடா வாங்கு" என்றாய். இவள் என் தோழி என்று ரோட்டில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

நீ போன பிறகு வந்த முதல் நாள், கோவிலம்பாக்கத்தில் ஸ்டீபன் சார் ஏறினார், உன் ஜன்னலோரத்தைப் பார்த்தார், உடைந்துபோனார். அப்புறம் எல்லோருமே அழுதோம். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் ஆளுக்கொரு பொட்டலம் வடையோடு வந்து நின்றோம். டிரைவர் அண்ணா கையிலும் ஒன்று. சிரித்துச் சிரித்துத் தின்று தீர்த்தோம்.

நேற்று எனக்குப் பெரிய மீட்டிங். கிளையண்ட் நேரில் வந்திருந்தார்கள், முழுக்க நான்தான் பேச வேண்டும். காலையில் வழக்கம்போலப் புலம்பினேன், கோவிலம்பாக்கத்தில் நிறுத்தினேன். மேடவாக்கம் தாண்டும்போதுதான் வாய் தவறிவிட்டது. "இன்னிக்கு நான் பேசறதக் கேக்க அவ இல்லையே சார்" என்றேன். ஸ்டீபன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எல்லை தாண்டியாச்சு மேடம். நாளைக்கு வடை" என்றார்.

மீட்டிங்கில் உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே பேசினேன். குரல் நடுங்கவில்லை. முடிந்ததும் கைதட்டினார்கள்டீ!

பயத்தைக் கோவிலம்பாக்கத்தில் இறக்கிவிட எனக்கு நன்றாகவே வருகிறது. உன்னை இறக்கிவிடத்தான் வரவில்லை. பரவாயில்லை, வடை வாங்கிக்கொள்கிறேன்.