பல்வலிக்குப் போன மாத்திரை

அன்புள்ள டார்சிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், ஈரக் காற்று அடித்தால் அப்பாவுக்கு முழங்கால் மட்டும் பிடித்துக்கொள்கிறது. நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், அதை எவ்வளவு நம்பலாம் என்று போன வியாழக்கிழமை தெரிந்துகொண்டேன். தேவாலயக் கூடத்தில் பிங்கோ எண் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது, உன்னோடு ஆல்பர்ட்டா எண்ணெய் முகாமில் வேலை செய்கிற கால்வினின் பெண்டாட்டி ரோண்டா எல்லா மேசையையும் தாண்டி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "உங்க டார்சி மாதிரி ஒரு பிள்ளையப் பாக்க முடியாதும்மா, இவருக்குக் கன்னம் வீங்கித் துடிச்சப்ப தன் பெட்டியிலேருந்து ஒரு டப்பா மாத்திரைய அப்படியே தூக்கிக் குடுத்திருக்கான், ரெண்டே நாள்ல பல்வலி பறந்துபோச்சு" என்று கூடமே கேட்கிற மாதிரி சொன்னாள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அழைத்த எண்களில் ஒன்றுகூட என் காதில் விழவில்லை.

அடேங்கப்பா, என் வயிற்றில் இப்படி ஒரு வள்ளல் பிறந்திருப்பது இத்தனை வருஷமாகத் தெரியாமல் போயிற்றே. அது என்ன டப்பா என்று அவர்களுக்குத் தெரியாது, நீ சொல்லியிருந்தால்தானே. பனிவண்டியை மரத்தில் மோதி, மண்ணீரலை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தவன் நீ. அன்றைக்கு நர்ஸ் பென்னி கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினாள். பாடம் உனக்கு, நீ போனில் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தாய், படித்தது நான். இரத்தத்தில் கிருமியைப் பிடித்து நிறுத்துகிற காவல்காரன் இனி உன் உடம்பில் இல்லை, மற்றவர்கள் போர்வைக்குள் படுத்துக் கடத்திவிடுகிற காய்ச்சல் உனக்குச் சில மணி நேரத்திலேயே உயிரை வாங்கிவிடலாம், உடம்பு சுட்டாலும் குளிர் நடுக்கினாலும், இதற்கென்றே எப்போதும் கூட வைத்திருக்கக் கொடுக்கிற இந்த டப்பாவிலுள்ள கிருமிக்கொல்லி மாத்திரையை உடனே விழுங்கிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதே, நாய் கடித்தாலும் அப்படியே. இவ்வளவுதான், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒப்பித்துவிடும். ஐயா பெரிய வெல்டர், உன் மண்டையில் ஏறவில்லை.

அதோடு நின்றாளா ரோண்டா? போன மாதம் உனக்குக் காய்ச்சல் அடித்ததையும் பெருமையாகச் சொன்னாள். முகாம் நர்ஸ் பார்த்தால் விமானம் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவாள் என்று காய்ச்சல் மாத்திரையைப் போட்டுச் சூட்டைத் தணித்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனாயாம், "அவ்வளவு உழைப்பாளி" என்றாள். சூடு ஒன்றுதான் உனக்கு அபாயம் சொல்ல வருகிற மணி, அதன் வாயையும் அடைத்துவிட்டாய். அது வெறும் சளியாகப் போனது உன் சாமர்த்தியமா? அப்பாவிடம் சொன்னால், "விடு வேரா, நம்ம ஊர்ல எவன் காய்ச்சலுக்கெல்லாம் படுத்திருக்கான்" என்கிறார். உடைந்த விலா எலும்போடு பதினொரு நாள் சிங்கி இறால் பிடித்த வீரராயிற்றே. அவருக்கு மண்ணீரல் இருக்கிறது, மூளை இருக்கிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

வேலைக்குச் சேரும்போது படிவத்தில் அறுவை சிகிச்சை எதுவும் நடந்ததில்லை என்று எழுதிக் கொடுத்ததாகக் கிறிஸ்துமஸ் அன்று நீயே சிரித்துச் சிரித்துச் சொன்னாய், நானும் முட்டாள் மாதிரி கூடச் சிரித்தேன். ஆகவே இப்போது சொல்கிறேன், நேற்று உன் முகாம் கிளினிக்குக்குப் போன் செய்தேன். உனக்கு மண்ணீரல் இல்லை, படிவத்தில் எழுதியது பொய் என்று சொல்லிவிட்டேன். போனை எடுத்த நர்ஸ் உன் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு, "நல்லவேளை சொன்னீங்கம்மா, இல்லாட்டி இவரு ஒரு நாள் நினைவில்லாம வந்து விழுந்தா எதனாலன்னு தேடுறதுக்குள்ளயே எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றாள். போனை வைத்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது டார்சி.

லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை முகாமுக்குத் திரும்பி வருகிற கால்வின் கையில் இந்தக் கடிதத்தோடு புது மாத்திரை டப்பாவும், புட்டியில் அடைத்த மூஸ் மான் இறைச்சியும் அனுப்புகிறேன். இறைச்சியை யாருக்கு வேண்டுமானாலும் கொடு. தடுப்பூசிக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறது, மறந்துவிடாதே. கர்த்தர் உன்னைக் காப்பார், அவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டிவிடாதே. கிளினிக்கில் கூப்பிடுவார்கள், போ. வேலை போகலாம், தெரிந்துதான் செய்தேன். என்னோடு பேசாமல் இரு, கிறிஸ்துமஸுக்கு வராமலும் இரு. நீ எங்கேயோ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும், நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் வேலைக்கு உலை வைத்த அம்மா,
வேரா