இருட்டில் எண்பது டிகிரி

கான்ஸ்டன்டைன்,
ஏப்ரல் 6

அன்புள்ள தம்பி லுத்ஃபிக்கு,

ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவிய ஹூரியா எழுதுவது. மான்ட்ரியாலில் நீயும் மனைவியும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. கணினியில் அனுப்பினால் ஒரு விரலால் அழித்துவிடுவாய் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். கிழிப்பதற்காவது இரண்டு கை வேண்டுமே.

ஆரஞ்சுப் பூ வந்துவிட்டது. தெருவெல்லாம் பூநீர் வடிக்கிற வாசனை. போன வாரம் பாலத்தில் காற்று பலமாக அடித்து இரண்டு நாள் வண்டி விடவில்லை, நான் நடந்தே போனேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் பேராசிரியர் சி அல்லாவாவின் இரிடியச் சேர்மம் வேலை செய்துவிட்டது.

ருமைசா என்று ஒரு பெண், அவருடைய கடைசி மாணவி. நீ போய் ஐந்து வருஷம் கழித்து வந்தவள். பெருநாளுக்கு முந்தின நாள், வெளிச்சம் படாமல் குழாயைச் சுற்றுகிற அலுமினியத் தாள் தீர்ந்துபோயிருந்தது. அவளுக்கோ ஊருக்குப் போக பத்னா பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். சேர்மத்தை சைக்ளோஹெக்சேனில் கரைத்து, குழாயை மூடி, எதையும் சுற்றாமல் ஜன்னலோரம் வைத்துவிட்டு ஓடிவிட்டாள். நாலு நாள் நல்ல வெயில். திரும்பி வந்து காந்தக் கருவிக்குள் வைத்துப் பார்த்தால், பழைய கோட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு. பூஜ்யத்துக்குக் கீழே பதினேழில். கார்பன் பிடித்து வைத்திருக்கிற ஹைட்ரஜனை உலோகம் பிடுங்கிக்கொண்டால் மட்டும் விழுகிற கோடு. அதை அவர் எத்தனை வருஷம் தேடினார் என்பது உனக்கே தெரியும். சூடு வேண்டியதில்லை. வெளிச்சம் போதும்.

நீ உன் நோட்டில் எழுதியது எனக்கு மனப்பாடம். 'இருட்டில், எண்பது டிகிரியில், பதினாறு மணி நேரம். ஒளி பட்டால் சேர்மம் கெடும்.' வெளிச்சத்தில் செய்து பார்க்கலாம் என்றுதான் சி அல்லாவா முதலில் சொன்னார். இருட்டில் வெறும் சூட்டில் நடந்தது என்றால்தான் வெளிநாட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று உனக்குத் தெரிந்திருந்தது. பார்க்கவும் செய்தார்கள்.

அவருக்கு என்ன ஆயிற்று என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். உங்கள் கட்டுரையைப் படித்து ஜெர்மனியிலும் ஜப்பானிலும் செய்து பார்த்தவர்கள் எங்களுக்கு வரவில்லையே என்று எழுதினார்கள். இவர் மறுபடி மறுபடி செய்து பார்த்தார், வரவில்லை. மூன்றாம் வருஷம் கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டார். தவறு என்னுடையது, மாணவன் மேல் குற்றமில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பல்கலைக்கழகம் ஆய்வகத்தைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, இவருக்கு மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையை ஒதுக்கியது. அங்கேயும் எண்ணெய்த் தொட்டியை வைத்துக்கொண்டு சூடாக்கினார். எண்பது, நூறு, நூற்று நாற்பது. "லுத்ஃபி கைக்கு வந்தது என் கைக்கு வரமாட்டேங்குது ஹூரியா, எனக்கு வயசாயிடுச்சு" என்று சிரிப்பார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு குழாய் அவர் முகத்துக்கு நேரே வெடித்தது. இடது கண் அன்றைக்கே போயிற்று. அந்தக் கண்ணின் துக்கத்தில் வலது கண்ணும் ஒரு வருஷத்துக்குள் போய்விட்டது. இது இப்படித்தான் நடக்கும் என்றார் டாக்டர்.

ருமைசாவின் தாளில் இருந்த எண்ணை நான்தான் அவருக்கு வாசித்துச் சொன்னேன். என்ன சொன்னார் தெரியுமா? "அப்போ லுத்ஃபி சொன்னது நெசம்தான்! நான்தான் பாவி, அந்தப் புள்ள கட்டுரையைத் திரும்ப வாங்கிட்டேன்." உன் குழாயில் எப்படியோ வெளிச்சம் பட்டிருக்கிறது, உனக்கே அது தெரியாது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். புதுக் கட்டுரையில் முதல் பெயர் உன்னுடையதாம். உன்னிடம் மன்னிப்புக் கேட்டு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும், தேடித் தேடிப் போட்டார்.

லுத்ஃபி, அன்றைக்கு நான் உன்னைப் பார்த்தேன். அந்தக் கோட்டைத் தருகிற பொருளை வேறு வழியில் தனியாகச் செய்து வைத்திருந்து, பெயர் ஒட்டாத குப்பியிலிருந்து எடுத்துக் குழாயில் விட்டாய். குப்பியைக் கழுவச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தாய். நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கண்ணாடி கழுவுறவங்க கண்ணாடிய மட்டும் பாத்தா போதும்க்கா" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். மனைவி செத்த பிறகு சி அல்லாவாவின் முகத்தில் சிரிப்பை நான் முதல்முறை பார்த்தது அன்றைக்குத்தான். தேனும் அக்ரூட்டும் கலந்த ஜௌசியா மிட்டாய் ஒரு பெட்டி முழுக்க வாங்கிவந்து வாசல் காவலாளிவரைக்கும் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். 'முதல் பெயர் எனக்கு வேண்டாம், அந்தப் பெண்ணுக்கே கொடுங்கள்' என்று அவருக்கு நாலு வரி எழுது. காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்வார், நினைத்துக்கொள்ளட்டும்.

உன் வீட்டில் ரொட்டி குறையாதிருக்கட்டும்.

ஹூரியா


மான்ட்ரியால்,
ஏப்ரல் 24

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் சி அல்லாவா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டு கண்கலங்கினேன். தாங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்பதா? அந்த நாட்களில் சக ஆய்வாளர்கள் முன் நான் பட்ட அவமானம் சிறிதல்ல. ஆயினும் தங்கள் மீது ஒருபோதும் கோபம் கொண்டதில்லை. முழுமனதோடு மன்னித்துவிட்டேன்.

முதல் பெயராக என்னைச் சேர்க்க விரும்புவதை மறுப்பது தங்களை அவமதிப்பதாகும். எனவே பணிவோடு ஏற்கிறேன். அந்த மாணவிக்கு என் வாழ்த்துகள். அவருக்கு இன்னும் வயதிருக்கிறது.

குழாயில் ஒளி எப்படிப் பட்டது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஹூரியா அக்காவுக்கு எதையும் துடைத்துக்கொண்டே இருக்கிற பழக்கம் உண்டு. என் குழாயையும் அலுமினியத் தாளை உரித்துத் துடைத்துவிட்டு ஜன்னலோரம் வைத்திருப்பார். பாவம், அறியாமல் செய்தது. அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

இத்துடன் மேப்பிள் பாகு ஒரு குப்பி அனுப்பியிருக்கிறேன். சர்க்கரை இருந்தால் தவிர்க்கவும்.

தங்கள் பிரியமான மாணவன்,
லுத்ஃபி


கான்ஸ்டன்டைன்,
மே 15

லுத்ஃபிக்கு,

உன் கடிதம் வந்தது. அவருக்குக் கண் இல்லை என்றும், வருகிற கடிதத்தையெல்லாம் நான்தான் வாசிக்கிறேன் என்றும் உனக்குத் தெரியும். தெரிந்தே என்னைப் பற்றி அந்த வரியை எழுதினாய். நானே என் வாயால் வாசிக்கவேண்டும் என்று நினைத்தாயா, அல்லது முழுங்கிவிடுவேன் என்று நினைத்தாயா? நான் முழுங்கவில்லை. கமா, புள்ளிகூட விடாமல் வாசித்தேன்.

"முழுமனதோடு மன்னித்துவிட்டேன்" என்ற இடத்தில் அவர் கடிதத்தை வாங்கி முத்தமிட்டார். அதற்குப் பிறகுதான் குழாய் சமாசாரம். அவர் தலை என் பக்கம் திரும்பியது.

"ஹூரியா, நீ அந்தத் தாளை உரிச்சியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். உண்மையில் அந்தச் சொல் தொண்டைவரைக்கும் வந்தது. இந்தக் கிழவி துடைத்த துடைப்பில்தான் தன் கண் போயிற்று என்று அவர் என்னைத் திட்டிவிட்டு, மகனைப்போல நினைத்த உன்னை நெஞ்சில் வைத்துக்கொண்டே சாவார். ஆனால் ருமைசா அடுத்த அறையில் காப்பி கலந்துகொண்டிருந்தாள். அந்த வாரம் முழுவதும் அவள் தாள் சுற்றிய குழாய்களை இருட்டில் வைத்துச் சூடாக்கிப் பார்த்திருந்தாள். அந்தக் கோடு எண்பதிலும் இல்லை, நூற்று நாற்பதிலும் இல்லை. உன் நோட்டில் தாள் கடைசிவரை சுற்றியிருந்தது என்று உன் கையெழுத்திலேயே இருக்கிறது. அவர் வேதியியல்காரர். இன்றைக்கு நான் பொய் சொன்னாலும் நாளைக்கு அவரே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடுவார்.

உரிக்கவில்லை என்றேன். நீ குழாயில் ஊற்றியதைச் சொன்னேன்.

அவர் உன்னைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. நீ அதை எதிர்பார்த்திருக்க மாட்டாய். கேட்டது என்னைப் பற்றித்தான்.

"நீ எப்போ பாத்தே?"

"அன்னைக்கே பாத்தேன், சி அல்லாவா."

விரல்களால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்போ ஆறு வருஷமும், தினம் காலையில, தெரிஞ்சுக்கிட்டே நீ எனக்கு எண்ணெய் சுட வச்சுக் குடுத்திருக்கே."

ஆமாம், லுத்ஃபி. வைத்துக் கொடுத்தேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே அடுப்பைப் போட்டேன். அந்தக் குழாய் வெடித்த அன்றைக்கும் சுவிட்சைப் போட்டது நான்தான். நீ செய்தது ஒரு நாள் வேலை. நான் செய்தது ஆறு வருஷ வேலை.

தன் மகளைக் கூப்பிட்டு, "இவங்கள வாசல்வரைக்கும் கொண்டுபோய் விடும்மா" என்றார். முப்பது வருஷம் என்னை "நீ" என்றே கூப்பிட்ட மனுஷர் அன்றைக்கு "இவங்க" என்றார். என் சால்வையை எடுத்து என் கையில் கொடுத்தது ருமைசா. அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு முறை போனேன். வீட்டில் இல்லை என்றாள் மகள். உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்டது.

கட்டுரை போய்விட்டது. முதல் பெயர் ருமைசா, அடுத்தது அவர். உன்னைப் பற்றி யாருக்கும் எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மன்னித்து அல்ல. "அவன் பேரச் சொல்ல எனக்கு மூச்சு மிச்சமில்ல" என்றாராம். நன்றி சொல்லும் பட்டியலில் என் பெயரை ருமைசா சேர்த்திருக்கிறாள். அவர் அதை எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்துவிட்டாள். அது நியாயம்தான். உன் பிழைப்புக்கு ஆபத்தில்லை, பயப்படாதே. உனக்கு எதிராக இருந்த ஒரே சாட்சி நான், என்னை இனிமேல் யார் நம்பப்போகிறார்கள்?

மேப்பிள் பாகைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். தபால்காரர் குப்பியை எடுத்துப்போக மாட்டேன் என்றுவிட்டார். அது என் வீட்டில் கிடக்கிறது, திறக்கவில்லை.

இனி நான் எழுத மாட்டேன். உன் கையின் கீழ் இப்போது மாணவர்கள் இருப்பார்கள். உன்னை மகனைப்போல நம்பினாரே அவர், அப்படி நீயும் அவர்களில் ஒருவனையாவது நம்புவாய். அவர்களில் ஒருவன்கூட உன் அளவுக்குக் கெட்டிக்காரனாக இல்லாமல் இறைவன் உன்னைக் காப்பாற்றட்டும்.

ஹூரியா